கறுப்பாக இருந்தால் கெட்ட தண்ணீரா?

மலேசியாவின் வட சிலாங்கூர் சதுப்புக் காட்டுத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைத்தால் தே-ஓ (பாலில்லாத தேநீர்) என்றுதான் நினைப்பீர்கள். நீர்ப் பரிசோதனை வேலையில், மாதிரிப் போத்தலைப் பார்த்து "சாக்கடைத் தண்ணியாண்ணே?" என்று கேட்காதவர்கள் குறைவு. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4-ஐ ஒட்டி நிற்கும், ஆக்சிஜனும் சொற்பம். வழக்கமான நீர்த்தரப் படிவத்தில் அது தேறவே தேறாது.

ஆனால் முகர்ந்து பாருங்கள். சாக்கடை நாற்றம் இல்லை, நனைந்த சருகின் வாசம்தான். விழுந்த இலையும் மரமும் முழுதாக மக்காமல் ஊறிக் கிடக்க, அதிலிருந்து இறங்கும் சாறுதான் அந்த நிறமும் புளிப்பும். மலாயில் தானா கம்புட் என்கிறோமே, அந்த மக்காத சருகு மண் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் சேரும்.

இங்கே என்கெலோகிளாரியஸ் குர்டிசோமா என்ற சின்னக் கெளுத்தி வாழ்கிறது. மீன் ஆய்வாளர்கள் பீட்டர் இங், கெல்வின் லிம் இருவரும் 1993-ல்தான் இதைத் தனி இனமாக விவரித்தார்கள். வலையில் ஏறினால் கெலி (சமைக்க விற்கும் கெளுத்தி) குஞ்சு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். முதுகைப் பாருங்கள். சந்தைக் கெலிக்கு முதுகுத் துடுப்பு கிட்டத்தட்ட வால்வரை ஒரே நீளமாக ஓடும். இதற்கோ அது நடுவழியில் முடிந்து, முள்ளில்லாத சதைத் துடுப்பு ஒன்று தொடரும். செவுளுக்கு மேலே கிளைவிட்ட உறுப்பு இருப்பதால் மேலே வந்து காற்றைச் சுவாசித்துக்கொள்ளும். நம் படிவம் தேறாது என்று தள்ளிய தண்ணீர்தான் இதன் வீடு.

'செத்த தண்ணீர்' என்று பெயர் விழுந்துவிட்டால் போதும், வாய்க்கால் வெட்டி வடித்துவிடுவார்கள். வடிந்த மண் காய்ந்து அடியோடு கனலும். ராஜா மூசா காட்டில் இப்படிப் பலமுறை தீப்பிடித்திருக்கிறது. மீன் மட்டுமா போகிறது, பல நூறு ஆண்டுச் சேமிப்பும் புகையாகிறது. எதிர்த்துப் பேசுவது வீணல்ல: 2021-ல் கோலலங்காட் வடக்குக் காப்புக்காட்டில் 500 ஹெக்டருக்கு மேலான நிலத்தின் காப்பு நிலையை நீக்கிய மாநில அரசு, மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு முடிவை மாற்றிக்கொண்டது.

புண்ணியம் என்று பண்ணைக் கெலியைக் காட்டோர வாய்க்காலில் விடாதீர்கள். அது ஆப்பிரிக்க இனம், பெருந்தீனிக்காரன்.

என்னைப்போல் மாதிரி எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்களோடு நிறுத்தாமல், குறிப்புக் கட்டத்தில் 'இயற்கையான கருநீர், மாசு அல்ல' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த அறிக்கையை வைத்து முடிவெடுப்பவர் பெரும்பாலும் அந்தக் காட்டில் கால் வைத்திருக்க மாட்டார்.