ரெப்ரசன்டேஷன்: பிரதிநிதித்துவமா, சித்திரிப்பா, முன்னிறுத்தலா?

‘ரெப்ரசன்டேஷன்’ என்னும் சொல்லை மலேசியத் தமிழ் ஏடுகள் பெரும்பாலும் ‘பிரதிநிதித்துவம்’ என்றே எழுதுகின்றன. நாடாளுமன்றத்தில் இந்தியர் பிரதிநிதித்துவம் என்று பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நகரின் உணவுக்கடை மேசைகளில் பேசும் அளவுக்கு அது பழகிய சொல். தேர்தல் அரசியலுக்கு அது போதும். ஆனால் உடற்குறையுள்ள தன்பாலீர்ப்பு ஆண்களைத் தொலைக்காட்சி எவ்வாறு காட்டுகிறது என்று எழுதப் புகும்போது அது பாதிப் பொருளை மட்டுமே தருகிறது.

இலத்தீன் மூலமான ‘ரெப்ரைசென்டாரே’ என்பதற்கு, இல்லாத ஒன்றை மீண்டும் கண்முன் கொண்டுவருதல் என்று பொருள். வடமொழிப் ‘பிரதிநிதி’யோ ஒருவருக்குப் பதிலாக அவர் இடத்தில் வைக்கப்பட்டவரைக் குறிக்கும், அதாவது பதிலி. கண்முன் வருவதும் பதிலியாக வருவதும் ஒன்றல்ல. உடற்குறையுள்ள பாத்திரத்தை அக்குறை இல்லாத நடிகர் ஏற்பதே திரையில் நெடுங்கால வழக்கமாக இருந்துவந்துள்ளது. அந்த வழக்கத்தில் பதிலி இருந்தார், உரியவர்தான் இல்லை.

தமிழ் இலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடம் வகுத்தது. தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வருகிறவர்கள், சக்கர நாற்காலியில் எதிரே அமர்ந்திருக்கும் இளைஞனை விட்டுவிட்டு, “அக்கா, தம்பி சாப்டுச்சா?” என்று தாயைக் கேட்பதைப் பலரும் பார்த்திருப்போம். கேட்பவரிடம் அன்பு இருக்கிறது; ஆயினும் முன்னிலையில் இருப்பவனை அந்த ஒரு கேள்வி படர்க்கைக்குத் தள்ளிவிடுகிறது. அவனுக்கு யார்மீது விருப்பம் என்பதை அந்த வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. விருப்பம் ஒன்று இருக்கக்கூடும் என்றே எண்ணுவதில்லை. தொலைக்காட்சியும் இதையே செய்தது. உடற்குறையுள்ளவரைக் காமமற்ற குழந்தையாகவும், தன்பாலீர்ப்பு ஆணைக் கட்டான உடல்கொண்ட இளைஞனாகவும் தனித்தனியே காட்டிப் பழகியதால், இரண்டுமாக வாழும் ஒருவருக்குத் திரையில் இடமே இல்லாமல் போயிற்று.

2019இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘ஸ்பெஷல்’ தொடரின் சிறப்பு இங்குதான் இருக்கிறது. பெருமூளை வாதத்துடன் பிறந்தவரும் தன்பாலீர்ப்பாளருமான ரயன் ஓகானல், தம் தன்வரலாற்று நூலிலிருந்து அத்தொடரை உருவாக்கி, எழுதி, தலைமைப் பாத்திரத்தையும் ஏற்றார். கதையில் வரும் ரயன் தன் நடைக்குக் காரணம் கார் விபத்து என்று அலுவலகத்தார் நம்பும்படி விட்டுவிடுகிறான். விபத்து என்றால் உலகம் எளிதில் ஏற்கிறது, பிறவிக் குறை என்றால் தயங்குகிறது என்பதை அவன் அறிந்திருக்கிறான். தன்பாலீர்ப்பை மறைக்காதவன் உடற்குறையை மறைக்கிறான் என்னும் இந்த நுட்பம், பிறர் படர்க்கையில் எழுதியிருந்தால் வந்திருக்குமா என்பது ஐயமே. முதல் பருவத்தின் பகுதிகள் ஏறத்தாழ பதினைந்து நிமிடமே ஓடுபவை. 2021இல் வந்த இரண்டாம் பருவத்தில்தான் அவை அரைமணி நேர அளவை எட்டின. 2022இல் ‘கியூர் ஆஸ் ஃபோக்’ தொடரின் புதிய வடிவில் ஓகானலுடன், கால்களை இழந்த நடிகரான எரிக் கிரேஸும் நடித்தார். ஒரே தொடரில் இத்தகைய இருவர் இடம்பெற்றதால், ஒருவரே எல்லாருக்குமாக நிற்க வேண்டிய சுமை குறைந்தது.

உடன்வரும் சொற்களிலும் கவனம் வேண்டும். உடற்குறையுள்ளவர்களுக்கான மலேசியாவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை மலாய் மொழியில் ‘ஓராங் குராங் உப்பாயா’, அதாவது ஆற்றல் குறைந்தோர், என்கிறது. அந்த ‘உப்பாயா’வும் நம் ‘உபாய’மும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. நம் ஏடுகள் ‘உடற்பேறு குறைந்தோர்’ என்றும் ‘மாற்றுத்திறனாளி’ என்றும் எழுதுகின்றன. பின்னது மதிப்பான சொல்லே. எனினும், படிக்கட்டு மட்டுமே உள்ள மண்டபத்தின் முன் நிற்பவரின் தடையை அது சொல்வதில்லை என்பதால், நான் ‘உடற்குறையுள்ளவர்’ என்றே எழுதுகிறேன். ‘ஓரினச்சேர்க்கை’ என்பதைக் கைவிடலாம். அது ஒருவரின் ஈர்ப்பை விடுத்துச் செயலை மட்டும் சுட்டுகிறது. ‘தன்பாலீர்ப்பு’ போதும், தெளிவும்கூட.

இனி நேர்ச்சொல். மாநாடுகளுக்குச் செல்பவரை மலேசியத் தமிழர் ‘பேராளர்’ என்று அழகாக அழைக்கிறோம். அதிலிருந்து ‘பேராண்மை’ என ஆக்கலாமெனின், அது வீரத்தைக் குறிக்கும் சொல்லாகக் குறளிலேயே (773) நிலைபெற்றுவிட்டது. அரசியல் பொருளுக்குச் ‘சார்பாண்மை’ பொருந்தும். பிறர் வரைந்து காட்டுவதற்குச் ‘சித்திரிப்பு’ இருக்கிறது. உரியவரே எழுத்திலும் நடிப்பிலும் கண்முன் வந்து நிற்பதற்கு ‘முன்னிறுத்தல்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். இலத்தீன் வேரின் பொருளும் அதில் இருக்கிறது, ‘முன்னிலை’யின் ஒலியும் கேட்கிறது.

ஆண்களுக்கிடையிலான உடலுறவை இன்றும் குற்றமாக்கும் தண்டனைச் சட்டம் உள்ள நாட்டில், உள்ளூர்த் தமிழ் நாடகங்களில் இத்தகைய பாத்திரம் வருவது எளிதன்று. சுங்கை சிப்புட் இளைஞர் இத்தகைய தொடர்களைக் கைப்பேசியில், ஆங்கிலத்தில்தான் பார்க்கிறார். பார்த்ததைப் பற்றித் தமிழில் எழுத அமரும்போது, ‘இத்தொடரில் நல்ல சித்திரிப்பு உண்டு, முன்னிறுத்தல் இல்லை’ என்றோ, ‘சித்திரிப்பில் குறை உண்டு, ஆயினும் முன்னிறுத்தல் உண்டு’ என்றோ அவர் பிரித்தெழுத இச்சொற்கள் இடம் தரும்.