வாட்ச்சில் நார்மல், நெஞ்சில் வலி

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளில் அம்மா, அப்பா கையில் இப்போது ஸ்மார்ட் வாட்ச் ஏறிவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அது எதைக் கண்டுபிடிக்கும், எதைக் கண்டுபிடிக்காது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

விடியற்காலையிலிருந்தே நெஞ்சை இறுக்கி, வியர்த்துக் கொட்டிய ஒரு அம்மா என் கிளினிக்குக்கு மதியம்தான் வந்தார். "வாட்ச்சுல ஈசிஜி நார்மல்னு வந்துச்சு டாக்டர். வாய்வுன்னு நினைச்சு சோடா குடிச்சேன்" என்றார். கிளினிக்கில் எடுத்த ஈசிஜியில் மாரடைப்பு. உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம்.

நாங்கள் இதயத்தை 12 கோணங்களில் பதிவு செய்கிறோம். வாட்ச் ஒரே கோணத்தில். தாறுமாறான இதயத்துடிப்பைப் பிடிக்க அது உதவும். மாரடைப்பை அது தேடுவதே இல்லை. ஆப்பிள் நிறுவனமே தன் ஈசிஜி செயலியில் இதை எழுதி வைத்திருக்கிறது. யார் படிக்கிறார்கள்? நெஞ்சு இறுக்கம், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் வாட்ச்சைப் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலாக மட்டும்கூட வரலாம்.

ஊசி குத்தாமலே சர்க்கரை காட்டும் வாட்ச் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ வேண்டியதுதான். கையில் ஒட்டும் சென்சார் வேறு; அது தோலுக்கடியில் மெல்லிய இழை வைத்து அளக்கிறது.

காசு செலவழிப்பதென்றால் மேல்கையில் பட்டை சுற்றும் பிபி மெஷின் வாங்குங்கள். மூன்று மாடி ஏறி வந்த கையோடு அளந்துவிட்டு பயப்படாதீர்கள். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து குறித்து வையுங்கள். சில நாள் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், கீழே விழுந்தால் தகவல் அனுப்பும் வசதி. அந்தத் தகவல் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு மட்டும் போய் என்ன பயன்? கீழ்வீட்டுக்காரர் எண்ணையும் அதில் சேருங்கள், ஒரு சாவியை அவரிடம் கொடுத்து வையுங்கள். ஆம்புலன்ஸ் நுழையாத சந்து என்றால், தெருமுனையில் நின்று வழிகாட்டப் போவது யார் என்றும் இப்போதே பேசி வையுங்கள்.