பூஸ்டர் வண்டியை நிறுத்தாது

மறுபடியும் ஒன்று வந்துவிட்டது. பழைய காரை ஆசையாகத் தானே பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கும் பையன், காயலான் கடையில் வேறு வண்டியின் பெரிய பூஸ்டரையும் (பிரேக் மிதியை லேசாக்கும் டப்பா) மாஸ்டர் சிலிண்டரையும் (மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது) வாங்கி மாட்டியிருக்கிறான். நாலைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடிய வண்டி, தானாகப் பிரேக் பிடித்து, முன் சக்கரம் புகைந்து நடுரோட்டில் நின்றிருக்கிறது. மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடிக்கும் இரண்டு நட்டையும் கொஞ்சம் தளர்த்தினேன், இறுகிக் கிடந்த சக்கரம் கையால் சுற்றியது. புஷ் ராட், அதாவது பூஸ்டரிலிருந்து மாஸ்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி, நீளம் அதிகம்! காலை எடுத்த பிறகும் அது பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருந்தால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பாது, உரசும் சூட்டில் ஆயில் விரிந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

"பெரிய பூஸ்டர்ண்ணே, நச்சுன்னு நிக்கும்" என்றான். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பூஸ்டர் உங்கள் காலுக்கு ஒத்தாசை, அவ்வளவுதான். வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பு. பழைய பிரேக்கிலேயே ஓங்கி மிதித்தால் நாலு சக்கரமும் லாக் ஆகிறதா? அப்படியென்றால் எவ்வளவு பெரிய பூஸ்டர் போட்டாலும் ஒரு அடிகூட முன்னால் நிற்காது, அதே லாக் லேசான மிதிக்கே வரும், மழை ரோட்டில் அது உதவியா உபத்திரவமா என்று நீங்களே யோசியுங்கள். பெடல் தரைவரை போகிறது என்றாலும் பூஸ்டர் மருந்தில்லை. உள்ளே காற்று இருக்கும், அல்லது எங்கோ கசியும். பெடல் கல் மாதிரி இருந்தால்தான் பூஸ்டர் பேச்சே எடுக்க வேண்டும், அப்போதும் முதலில் இன்ஜினிலிருந்து வேக்குவம் (பூஸ்டரை இயக்கும் உறிஞ்சல்) வருகிறதா என்று பாருங்கள். (வேக்குவத்தைக் குறைக்கும் ரேஸ் காம்ஷாஃப்ட் போட்டவர்களே, உங்களைத்தான்.)

மாஸ்டரிலும் இதே பெரிசு மோகம். 7/8 அங்குலத்துக்குப் பதில் 1 அங்குலம் போட்டால் பெடல் கெட்டியாக, உயரமாக நிற்கும், சூப்பர் என்பீர்கள். ஆனால் அதே மிதிக்கு ஆயில் அழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும்.

பழைய பார்ட் தப்பில்லை, நானே போடுகிறேன். ஆனால் வாங்கும் இடத்திலேயே மாஸ்டரைக் கழற்றிப் பூஸ்டர் வாயில் விரல் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால், பெயிண்ட் உரிந்திருந்தால், மாஸ்டரின் பின்பக்க வாஷர் போய் ஆயில் உள்ளே இறங்கியிருக்கிறது, இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். சிலிண்டருக்குள் துருக்குழி இருந்தால் புது வாஷர் கிட் போட்டும் புண்ணியமில்லை, அந்தக் குழியே வாஷரைக் கிழித்துவிடும். ஓஸ், வாஷர் என்று ரப்பர் எதுவும் பழசு கூடவே கூடாது. டிரம் பிரேக் மாஸ்டரை டிஸ்குக்கு அப்படியே மாட்டாதீர்கள், சிலவற்றில் அழுத்தத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும் வால்வு இருக்கும், டிஸ்க் உரசிக்கொண்டே ஓடும்.

அப்புறம் அந்த ராட். நுனியில் சின்னக் களிமண் உருண்டையை ஒட்டி, மாஸ்டரைப் பூட்டிக் கழற்றினால், நசுங்கி மிஞ்சிய தடிமன்தான் ராடுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி. அது ஒரு மில்லிமீட்டருக்குள் போதும், ஆனால் இருந்தே ஆக வேண்டும். பார்த்ததும் மண்ணைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாம் பூட்டியதும் இன்ஜினை அணைத்து ஐந்தாறு தடவை மிதியுங்கள், மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் ஓஸையும், காற்றை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வையும் பாருங்கள். பிறகு காலி மைதானத்தில், மெதுவாக, நீங்கள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள், தயவுசெய்து.