காக்கா பார்க்க வந்த கூட்டம்

சித்திரை பிறந்துவிட்டால் மேற்கு மாம்பலத்தில் என் சித்தி வீட்டு மொட்டை மாடியில் கால் வைக்க இடம் இருக்காது. விடிகாலையிலேயே ஜவ்வரிசிக் கூழ் கிளறி, வெயில் ஏறுவதற்குள் பிளாஸ்டிக் ஷீட்டில் கரண்டி கரண்டியாக வடாம் இட்டு முடித்துவிடுவார். ஓரத்தில் ஒரு கறுப்புக் குடை விரிந்திருக்கும், காக்காவுக்காக. நாலைந்து வருடமாக இதையெல்லாம் படம் பிடித்து ஒரு செயலியில் போட்டுத்தான் வியாபாரம்.

போன வருடம் ஒரு காக்கா குடையைச் சட்டை செய்யாமல் வந்து, பாதி காய்ந்த வடாம் ஒன்றைக் கவ்விக்கொண்டு, சித்தியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பறந்தது. தற்செயலாகப் பதிவான பத்து நொடி ரீல். இரண்டே நாளில் எங்கெங்கோ சுற்றி, நானூறு சொச்சம் இருந்த ஃபாலோயர்களைப் பதினோராயிரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அடுத்த வாரம் ‘வடாம் ரெடி’ என்று போட்ட போஸ்டை முன்பு பார்த்த அளவுக்குக்கூட ஆள் பார்க்கவில்லை.

“பதினோராயிரம் பேர்டா! நூத்தி நாப்பது பேருக்குத்தான் போயிருக்கு. யாரோ கண்ணு வெச்சுட்டாங்க” என்றார் சித்தி.

மிளகாய் சுற்றிப் போடுவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம்.

2014 ஜூனில் ஃபேஸ்புக்கின் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த பிரையன் போலண்ட் ஒரு விளக்கம் எழுதினார். ஒருவர் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் சராசரியாக 1,500 பதிவுகள் அவர் கண்ணில் படக் காத்திருந்தன. நண்பர்கள் அதிகம் என்றால் 15,000 வரை. அதிலிருந்து சுமார் 300-ஐத்தான் ஃபீட், அதாவது திறந்ததும் பதிவுகள் வரிசையாக வரும் பக்கம், தேர்ந்தெடுத்துக் காட்டியது. கல்யாண மண்டபத்தில் இலை 300, வந்த கூட்டம் 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு பார்ப்பதற்காக நாங்கள் ரீச்சை, அதாவது ஒரு பதிவு போய்ச் சேரும் ஆள் எண்ணிக்கையை, குறைக்கவில்லை என்றும் அவர் அதிலேயே சொன்னார். விளம்பரம் விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப எனக்கு மனசு வரவில்லை. ஆனால் இலைக் கணக்கு பொய்யில்லை. இன்ஸ்டாகிராம் நேர வரிசைப்படி காட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே ஒருவர் தன் ஃபீடில் சராசரியாக 70 சதவீதத்தைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார் என்று 2016-இல் அந்த நிறுவனமே சொன்னது. காட்டவேண்டியது பெருகிக்கொண்டே போகிறது. பார்க்கிறவருக்கு இருப்பதென்னவோ அதே இரண்டு கண்தான்.

சரி, இலை யாருக்கு என்று எப்படி முடிவாகிறது? பெரும்பாலான நிறுவனங்கள் மேலோட்டமாகத்தான் சொல்லும். 2023 மார்ச் 31 அன்று, அப்போது ட்விட்டர் என்ற பெயரிலேயே இருந்த தளம், தன் பரிந்துரை நிரலின் பெரும்பகுதியை வெளியிட்டபோதுதான் அடுப்படி கொஞ்சம் தெரிந்தது. முதலில் கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து உங்களுக்கு என்று சுமார் 1,500-ஐப் பொறுக்கியது. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ‘இந்த ஆள் இதை என்ன செய்வார்?’ என்று ஊகித்தது: லைக் போட வாய்ப்பு எவ்வளவு, பதில் எழுத எவ்வளவு, புகார் செய்ய எவ்வளவு. ஒவ்வொரு வாய்ப்பையும் அதற்குரிய எடையால் பெருக்கிக் கூட்டினால் மதிப்பெண். அப்போது வெளியிட்ட எடைகளில் லைக்குக்கு 0.5, மறுபகிர்வுக்கு 1, பதிலுக்கு 13.5. பார்த்தவர் பதில் எழுதி, அந்தப் பதிலுக்குப் போஸ்ட் போட்டவரும் ஏதாவது எதிர்வினை காட்டினால் 75. புகார் என்றால் மைனஸ் 369.

பெருக்கிப் பார்த்தால்தான் சுவாரசியம். ஒரு போஸ்டுக்கு நீங்கள் லைக் போட 10 சதவீத வாய்ப்பு இருந்தால் 0.05 புள்ளி. பதில் எழுத வெறும் 1 சதவீத வாய்ப்பு இருந்தாலே 0.135. ஆயிரத்தில் ஒரு பங்கு புகார் வாய்ப்பு இருந்தால் 0.369 கழிந்து, இரண்டும் சேர்ந்து சம்பாதித்ததை விழுங்கிவிடும். இவை ஒரு தளத்தின் ஒரு காலத்து எண்கள். மற்ற தளங்களின் எண்கள் வேறு. ஆனால் ஊகித்து, எடைபோட்டு, வரிசைப்படுத்தும் முறை பொதுவானது. கவனிக்க வேண்டியது, மதிப்பெண் போஸ்டுக்கு மட்டும் அல்ல, போஸ்டும் பார்ப்பவரும் சேர்ந்த ஜோடிக்கு. ஒரே வடாம் அம்பத்தூர்க்காரருக்கு முதல் இலை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடைசி இலை.

இப்போது சித்தியின் பதினோராயிரத்துக்கு வருவோம். அவர்களில் பெரும்பாலானோர் வந்தது காக்காவுக்காக. எங்கோ வெளிநாட்டில் இருந்துகொண்டு சிரித்துவிட்டு ஃபாலோ பட்டனை அழுத்தியவர்கள். அடுத்த வாரம் தட்டில் வெள்ளை வெள்ளையாக வடாம் வந்தபோது நிற்காமல் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். முதல் பந்தியில் பாதிப் பேர் இலையை மூடிவிட்டால் இரண்டாம் பந்திக்கு யார் பரிமாறுவார்கள்? யாரும் தண்டிக்கவில்லை, கண்ணும் வைக்கவில்லை. காக்கா பிரியர்களுக்கு வடாம் பிடிக்காது என்று இயந்திரம் கற்றுக்கொண்டது. அது சரியாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது.

தண்டனையே கிடையாது என்று சொல்லவரவில்லை. ‘லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க’ என்று கெஞ்சும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது. சித்தி எல்லா இடத்திலும் அந்த வரியைத்தான் கடைசியில் போட்டுக்கொண்டிருந்தார். அது அவருடைய செயலியிலும் எடுபட்டதா என்பது வேறு விஷயம்; படிக்க எனக்கே அலுப்பாக இருந்ததால் எடுக்கச் சொன்னேன். ‘ஓமம் போடுவீங்களா?’ என்று கேட்டவருக்கு மூன்று நாள் கழித்து ஒரு கைகூப்பும் ஸ்டிக்கர் அனுப்புவதற்குப் பதில், அன்றைக்கே இரண்டு வரி எழுதச் சொன்னேன்.

பிறகு அவருடைய ஆர்டர் நோட்டை வாங்கிப் புரட்டினேன். நாற்பது பக்கம், கோடு போட்டது, மூலையில் எண்ணெய்க் கறை. நங்கநல்லூர், அடையாறு, அம்பத்தூர் என்று அதே பெயர்கள்தான் மாதாமாதம். காக்கா வந்த மாதத்திலும் புதுப் பெயர் இரண்டுதான். ரீச் விழுந்த மாதத்தில் ஆர்டர் விழவேயில்லை! சித்தி அதைச் சேர்த்துப் பார்த்ததே இல்லை, செயலியில் இருந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெயர்களையெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலாகப் போட்டோம்; ஒரே செய்தி எல்லாருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் சித்தியின் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். அதனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் ‘நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு சீட்டு.

இந்த வருடமும் அந்தக் காக்கா வந்தது. அதே காக்காதான் என்று சித்தி சத்தியம் செய்கிறார். நான் போனை எடுத்தேன்.

“படம் கிடம் புடிக்காத. மறுபடி பதினோராயிரம் பேர் வந்துருவான். குடையை இப்படித் தள்ளி வை.”