தோற்ற வாரத்துக்கும் அறை வாடகை உண்டு

அந்த அம்மா என் மேசைமேல் வைத்தது கோடு போட்ட நீள நோட்டு ஒன்று. மளிகைக் கணக்கு எழுதுவதுபோல் தேதி போட்டு, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. முதல் பக்கத்தில் துனிசியாவின் மொனாஸ்டிர் நகரில் மகன் டென்னிஸ் போட்டிகள் ஆடிய மூன்று வாரங்கள் இருந்தன. முதல் வாரம், முதல் சுற்றில் தோல்வி: 156 டாலர். இரண்டாம் வாரம் நேரடி இடம் கிடைக்கவில்லை, தகுதிச் சுற்றில் தோல்வி: வரவு இல்லை. மூன்றாம் வாரம் காலிறுதி: 438 டாலர். ஆக மொத்தம் 594 டாலர், ஏறத்தாழ 50,000 ரூபாய்.

வலப்பக்கம் நீளமாக இருந்தது. விமான டிக்கெட் 73,000. அறையும் சாப்பாடும் 1,30,000. அதற்குக் கீழே விசா, மட்டைக்கு ஸ்ட்ரிங் போட்ட கூலி, பயிற்சிக்கு வாங்கிய பந்து டப்பாக்கள், தோள்பட்டை வலிக்கு இரண்டு முறை பிசியோ, சலவை. கூட்டினால் இரண்டரை லட்சம்.

"தரவரிசைப் புள்ளி எத்தனை கிடைத்தது அம்மா?" என்று கேட்டேன்.

"இரண்டு சார்."

புள்ளிக்கு ஒரு லட்சம் நஷ்டம். நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரே நோட்டின் ஓரத்தில் பென்சிலால் அந்த வகுத்தலைப் போட்டு வைத்திருந்தார்.

நான் சென்னையில் ஆடிட்டர். டென்னிஸ் மட்டை பிடித்தவன் அல்லன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் மகள் வெளிநாட்டில் வென்ற பரிசுத் தொகைக்குக் கணக்கு பார்த்துக் கொடுத்தேன். அதிலிருந்து ஒருவர் சொல்லி ஒருவராக இந்தக் குடும்பங்கள் வருகின்றன. பெரும்பாலும் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில், பாதி ரசீதோடு வருவார்கள். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் பிள்ளைக்கு ஏழு வயதில் பயிற்சி தொடங்கியபோது எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. பதினெட்டு வயதில் பார்க்கும்போது வீட்டின் மேல் கடன் இருக்கும்.

இந்தத் தொழிலின் படிக்கட்டு எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே கிராண்ட் ஸ்லாமும், ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபியின் போட்டிகளும், நடுவில் சேலஞ்சர், அடியில் ஐடிஎஃப் என்னும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்தும் எம்15, எம்25 போட்டிகள். எம்15 என்றால் மொத்தப் பரிசே 15,000 டாலர். ஏழு நாள் ஆடிக் கோப்பையைத் தூக்குபவருக்கு 2,160 டாலரும் 15 புள்ளிகளும். முதல் சுற்றில் தோற்றால் நோட்டில் பார்த்த அந்த 156 டாலர், புள்ளி கிடையாது. தகுதிச் சுற்றில் தோற்பவருக்கு இரண்டும் இல்லை. சேலஞ்சர் போட்டிகளின் பிரதான சுற்றில் ஆடுபவர்களுக்கு 2019 முதல் ஹோட்டல் அறை கொடுக்கிறார்கள். அடிப்படியில் ஆடுபவன் பெரும்பாலும் தன் கைக்காசில்தான் தங்க வேண்டும்.

இதில் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கடம் உண்டு. போட்டிக்குப் பெயர் கொடுப்பது இரண்டரை வாரத்துக்கு முன்பே. ஆனால் பட்டியலில் மேலே இருப்பவர்கள் விலகினால்தான் கீழே இருப்பவருக்கு இடம். அது கடைசி நாள்வரை ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே மலிவான டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க முடியாது. போய்ச் சேர்ந்து செவ்வாய்க்கிழமை தோற்றால் ஞாயிறுவரை போட்டிருக்கும் அறையை என்ன செய்வது? அடுத்த வாரப் போட்டி வேறு நாட்டில் என்றால் இன்னொரு டிக்கெட். அதனால்தான் மொனாஸ்டிர், துருக்கியின் அண்டாலியா, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் போன்ற ஊர்களில், வாரம் தவறாமல் போட்டி நடக்கும் ரிசார்ட்டுகளில் பையன்கள் மாதக்கணக்கில் கிடக்கிறார்கள். கடற்கரை பார்க்கப் போவதல்ல அது, விமானக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிற வழி.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே இதை ஆராய்ந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, தொழில்முறைப் போட்டிகளில் ஏறத்தாழ 14,000 பேர் ஆடினார்கள். அதில் பாதியை நெருங்கும் அளவுக்கு ஆட்கள் ஒரு டாலர்கூடப் பரிசு வாங்கவில்லை. வரவும் செலவும் சமமாகிற இடம் ஆண்களில் 336ஆவது தரவரிசை, பெண்களில் 253. இதில் பயிற்சியாளர் சம்பளம் சேரவில்லை என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். பயிற்சியாளரையும் சேர்த்தால் அந்தக் கோடு இன்னும் எவ்வளவோ மேலே போகும்.

எவ்வளவு மேலே என்பதற்கு சுமித் நாகலைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் அவர் ஒற்றையரில் இந்தியாவின் முதல் இடத்தில் இருந்தார். உலகத் தரவரிசையில் 160ஐ ஒட்டிய இடம். அப்போது அவரே வெளிப்படையாகச் சொன்னது: வங்கிக் கணக்கில் இருப்பது 900 யூரோ. அந்த ஆண்டு அதுவரை 24 போட்டிகளில் ஏறத்தாழ 65 லட்ச ரூபாய் சம்பாதித்திருந்தார். ஆண்டுச் செலவு, ஒரே ஒரு பயிற்சியாளரோடு பயணம் செய்தால், 80 லட்சத்திலிருந்து ஒரு கோடி. இத்தனைக்கும் அவருக்கு இந்தியன் ஆயில் சம்பளம் இருந்தது, ஓர் அறக்கட்டளையின் உதவியும் இருந்தது. நான்கு மாதம் கழித்து ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்றைத் தாண்டி, முன்னணி ஆட்டக்காரராக 'சீட்' பெற்றிருந்த கஜகஸ்தானின் பப்ளிக்கை முதல் சுற்றில் வீழ்த்தினார். இரண்டாம் சுற்றுக்கு வந்ததற்கு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். பிப்ரவரியில் நம் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் சேலஞ்சரை வென்று முதல் நூறுக்குள் நுழைந்தார்.

இந்தக் கதையை என்னிடம் வரும் அப்பாக்கள் எல்லோரும் சொல்கிறார்கள், கடைசி இரண்டு வரியை மட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது முந்தைய பாதி. நாட்டின் முதல் ஆட்டக்காரருக்கே அதுதான் நிலைமை.

2024 முதல் ஏடிபி குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பது உண்மை. முதல் நூறு பேருக்கு 3,00,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000 என்று தொடங்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் 251ஆவது ஆளுக்கு ஒன்றும் இல்லை. என் அனுபவத்தில் குடும்பங்கள் நொடிப்பது 250க்கும் 500க்கும் நடுவில். ஆயிரத்துக்கு வெளியே இருப்பவன் இரண்டு மூன்று ஆண்டில் தானே புரிந்துகொண்டு படிப்புக்குத் திரும்பிவிடுவான். நானூறில் இருப்பவன் நன்றாக ஆடுகிறான். போன மாதம் இருநூறில் இருப்பவனைத் தோற்கடித்திருக்கிறான். விடச் சொல்ல எவருக்கும் மனம் வராது. பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் எலும்பு விரிசலால் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளை இழந்து, 29 வயதில்தான் முதல் நூறைத் தொட்டார் என்று உதாரணம் வேறு கையில் இருக்கும். அதுவும் உண்மைதானே. ஆகவே இன்னும் ஓர் ஆண்டு, இன்னும் ஒரு நகைக் கடன்.

நான் முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதச் சொல்வேன்: மொத்தம் எவ்வளவு பணம் போட முடியும், எந்தத் தேதிவரை. பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பலர் எழுத மறுக்கிறார்கள், அபசகுனம் என்கிறார்கள். பெட்டிக்கடை வைப்பவர்கூட முதல் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் கடை திறக்கிறார். (ஸ்பான்சர் கிடைப்பார் என்று அந்தத் தாளில் எழுதுபவர்களும் உண்டு. அதை அடித்துவிடுவேன். மட்டையும் காலணியும் இலவசமாகக் கிடைக்கலாம், விமான டிக்கெட் கிடைப்பது அபூர்வம்.)

வரி விஷயத்தில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நஷ்டம்தானே, எதற்குக் கணக்குத் தாக்கல் என்று விட்டுவிடுவது முதல் தவறு. பரிசுத் தொகையைத் தொழில் வருமானமாகக் காட்டி, பயணம், பயிற்சி, சிகிச்சைச் செலவுகளை ரசீதோடு கழித்து, குறித்த தேதிக்குள் தாக்கல் செய்தால் அந்த நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் எடுத்துச் செல்லலாம். ஐந்தாம் ஆண்டில் ஒரு பெரிய தொகை வந்தால் அப்போது அது கைகொடுக்கும். தேதி தவறினால் போயிற்று. சம்பளத்தோடு அதை ஈடுகட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவது, வெளிநாட்டில் பிடித்த வரிக்குச் சான்று வாங்காமல் ஊரைவிட்டுக் கிளம்புவது. பல நாடுகளில் பரிசைக் கையில் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 30 சதவீதம்வரை போகும். சான்று இருந்தால் இங்கே கட்ட வேண்டிய வரியில் கழிக்க வழி உண்டு. போட்டி அலுவலக மேசையில் அன்றே கேட்டால் ஐந்து நிமிட வேலை, ஆறு மாதம் கழித்து மின்னஞ்சலில் கேட்டால் பதில் வராது. மூன்றாவது, அப்பா தன் கடைக் கணக்கில் மகனின் பயணச் செலவை ஏற்றுவது. சட்டையில் கடைப் பெயர் போட்டிருக்கிறோமே, விளம்பரச் செலவாகாதா என்று ஒருவர் கேட்டார். ஆட்டம் நடந்தது துனிசியாவில், கடை இருப்பது குரோம்பேட்டையில்.

ஓர் இரவு பத்தரை மணிக்கு ஒரு தகப்பனார் போனில் அழைத்தார். மகனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து செய்தி: நாளைய ஆட்டத்தில் இரண்டாவது செட்டை மட்டும் விட்டுக்கொடு, ஆட்டத்தை நீயே ஜெயித்துக்கொள், 2,000 டாலர். கோப்பை வென்றால் கிடைப்பதற்கு ஏறக்குறைய சமமான தொகை, ஒரு செட்டுக்கு. "அழித்துவிடச் சொல்லிவிட்டேன், சரிதானே?" என்றார். சரியில்லை. அழிக்காமல் அப்படியே வைத்து, டென்னிஸ் நேர்மை முகமையான ஐடிஐஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். பணத்தைத் தொடாவிட்டாலும், அணுகினார்கள் என்பதைச் சொல்லாமல் இருப்பதே விதிப்படி குற்றம். எனக்குக் கை வலி, நாளை ஆட மாட்டேன் என்று நண்பனிடம் முன்கூட்டிச் சொல்லி, அவன் அதை வைத்துப் பந்தயம் கட்டினால் அதுவும் வம்பு. பார்வையாளரே இல்லாத மைதானத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு எவன் பந்தயம் கட்டுவான் என்று கேட்கலாம். நடுவர் கையிலிருக்கும் கருவியில் புள்ளியைத் தட்டிய மறுநொடி அது உலகம் முழுவதும் போகிறது. கீழ்மட்டப் போட்டிகளின் நேரலைப் புள்ளிவிவரத்தை விற்றதுதான் ஊழலுக்கு வழிவிட்ட காரணங்களில் ஒன்று என்று 2018இல் தனிக்குழு அறிக்கையே சொன்னது. அந்தத் தம்பி மறுநாள் தெரிவித்தான். ஆட்டத்தில் நேர் செட்களில் தோற்றான் என்பது வேறு விஷயம்.

அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடிக்கொண்டே படிக்கும் வழியைக் குறைவாக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டுத்தான் உலகின் 62ஆவது இடம்வரை போனார். மதுரையில் பிறந்த தக்ஷினேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பியல் நகரில் நடந்த டேவிஸ் கோப்பையில், 626ஆவது இடத்தில் இருந்துகொண்டு, தன்னைவிட எவ்வளவோ மேலே இருந்த சுவிஸ் வீரர் ஜெரோம் கிம்மை நேர் செட்களில் வென்றார். உதவித்தொகை, பயிற்சியாளர், பிசியோ, கூடவே ஒரு பட்டம்: இத்தனையும் நான்கு ஆண்டுக்குக் கிடைப்பதை மொனாஸ்டிர் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நோட்டுக்கார அம்மாவின் மகன் அந்த வழியில் போகவில்லை. தாளில் எழுதிய தேதி வரும்வரை ஆடுவது என்று முடிவு செய்திருந்தார்கள், இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. இந்தக் கோடையில் ஜெர்மனியில் ஒரு கிளப் அணிக்காக லீக் ஆட்டங்கள் ஆடப் போயிருக்கிறான். அங்கே ஊர்க் கிளப்புகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூப்பிடுகிறார்கள். தரவரிசைப் புள்ளி கிடையாது, தங்க அறை உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து அழைத்தான்.

"சார், இங்கே தோற்றாலும் பணம் கொடுக்கிறார்கள். இதை அம்மா நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதச் சொல்வது?"