கொக்கியில் தொங்கும் 100 டன்

துறைமுகத் தளத்தில் இருக்கும் 100 டன் டிரான்ஸ்ஃபார்மரைக் கப்பலின் சொந்த கிரேன் தூக்குகிறது. அது தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பினாலே போதும், அந்த எடை முழுவதும் கிரேன் நுனியில் ஏறிவிட்டதாகத்தான் கணக்கு. "சரக்கு கீழேதானே தொங்குது" என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து.

சரக்கோடு சேர்த்துக் கப்பலின் எடை 10,000 டன் என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் அடித்தளத்திலிருந்து 7 மீட்டர் உயரத்தில், கிரேன் நுனி 35 மீட்டரில். 100 × 28 ÷ 10,000 போட்டால் ஈர்ப்பு மையம் 0.28 மீட்டர் உயர்கிறது. 1 மீட்டராக இருந்த ஜிஎம் (கப்பல் சாய்ந்தால் நிமிரும் திறனைக் காட்டும் அளவு) 0.72 ஆகிவிடுகிறது. நுனி நடுக்கோட்டிலிருந்து 15 மீட்டர் வெளியே நீண்டிருந்தால் கப்பல் ஏறத்தாழ 12 டிகிரி சாயும். பல கப்பல் கிரேன்களுக்கு அனுமதி 5 டிகிரிதான்.

ஆகவே எதிர்ப்பக்கம் பேலஸ்ட், அதாவது சமநிலைக்காக டேங்குகளில் ஏற்றும் தண்ணீர், வேண்டும். இரு பக்க டேங்குகளின் மையங்களுக்கு இடையே 18 மீட்டர் என்றால், 83 டன் தண்ணீரை மாற்ற வேண்டும். அதை ஒரே மூச்சில் மாற்றக் கூடாது. கிரேன் கொஞ்சம் எடையை வாங்கட்டும், நிறுத்துங்கள், சாய்வுமானியைப் பாருங்கள், பம்ப் செய்யுங்கள், மறுபடி தூக்குங்கள். தண்ணீர் முழுக்க எதிர்ப்பக்கம் போன பிறகு சரக்கைக் கட்டித் தூக்கும் ஸ்லிங் அறுந்தால், கப்பல் மறுபக்கம் புரளும். சரக்கு உள்ளே வரவர அந்தத் தண்ணீரும் திரும்பி வந்தாக வேண்டும்.

பாதி நிரம்பிய டேங்க்தான் பலரும் கோட்டை விடும் இடம். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு டேங்கில் தண்ணீர் தளும்பினால் ஜிஎம்மில் இன்னும் 0.30 மீட்டர் போய்விடும். பேலஸ்ட் மாற்றாத நிலையில் மேலே சொன்ன 12 டிகிரி, கணக்குப்படி 20-ஐத் தொடும். இழப்பு அகலம் × அகலம் × அகலம் என்ற கணக்கில் கூடுவதால், டேங்கை நீளவாக்கில் இரண்டாகப் பிரிக்கும் ஒரு தடுப்புச் சுவர் நடுவில் இருந்தாலே அது கால்பங்காகும். டேங்கை முழுக்க நிரப்புங்கள், அல்லது முழுக்க வற்றவிடுங்கள்.

இதெல்லாம் டேங்கில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான். 2015 ஜனவரி 3 அன்று சவுதாம்ப்டனிலிருந்து கிளம்பிய ஹோக் ஒசாகா என்ற கார் கப்பல், திருப்பத்தில் 40 டிகிரிக்கும் மேல் சாய்ந்து மணல் திட்டில் தட்டியது. அதன் பேலஸ்ட் அளவுமானிகளில் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை, தண்ணீரின் அளவு உத்தேசமாகப் போடப்பட்டது. சரக்கின் எடையும் சொன்னதைவிட அதிகம். புறப்படும் முன் ஸ்திரத்தன்மைக் கணக்கே போடப்படவில்லை என்று பிரிட்டிஷ் விசாரணை சொன்னது. உயிர்கள் தப்பியது பெரிய விஷயம்.

ஆகவே கையால் சவுண்டிங் எடுங்கள், அதாவது டேங்கில் நீரின் ஆழத்தை நாடா விட்டு அளந்து பாருங்கள். நாடாவில் நீர் காட்டும் பசையைத் தடவி, பித்தளைக் குண்டு அடித்தட்டில் 'டங்' என்று தட்டும் வரை விடுங்கள். சத்தம் மந்தமாக வந்தால் அடியில் சேறு. முன்பின் சாய்வுக்கான திருத்தத்தைப் பட்டியலில் பார்த்துக் கூட்டுங்கள் அல்லது கழியுங்கள். பிறகு கப்பல் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்று காட்டும் டிராஃப்ட் குறிகளைப் படகிலிருந்து படித்து, கிடைக்கும் எடை கணினி சொல்வதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கணினியில் போட்ட ஏதோ ஒரு எண் தப்பு.

கடைசியாக, சுமை தரையை விடும் அந்த நொடியில் தூக்கும் எடையைக் காட்டும் கிரேனின் லோடு செல்லைப் பாருங்கள். காகிதத்தில் 100, திரையில் 112 என்றால் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, கணக்கை முதலிலிருந்து போடுங்கள். ஏஜென்ட் அவசரப்படுத்தினாலும் சரி.