மாத்திரை கொடுத்தாச்சு, அப்புறம்?

வார்டுக்கு வரும் நர்சிங் மாணவிகளிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னால் வகை, அளவு, பக்கவிளைவு எல்லாம் மளமளவென்று வரும். கொடுத்த பிறகு எத்தனை மணிக்கு எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டால்தான் முழிப்பார்கள். நீலகிரியில் இதை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே குளிர் பல அறிகுறிகளை மறைத்துவிடும்.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். ரெகுலர் இன்சுலின் சுமார் 30 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். சாயங்காலம் போடும், மெதுவாக வேலை செய்யும் என்பிஹெச் வகைக்கு அந்த உச்சம் நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ வரும்; சர்க்கரை ரொம்பவும் இறங்கிவிடக்கூடிய நேரம் அது. ஊட்டியில் அந்த நேரத்தில் நோயாளி கம்பளியை முகம்வரை இழுத்துப் போர்த்தியிருப்பார். கை நடுங்கினால், குளிருது போல என்று இன்னொரு கம்பளியைப் போட்டுவிட்டு நகரத்தான் தோன்றும். போர்வைக்குள் கைவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். குளிரில் நடுங்குகிறவருக்கு வியர்க்காது. ஈரமாக இருந்தால் உடனே குளுக்கோமீட்டரை எடுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, கூடவே டாக்டருக்குத் தகவல். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுகிறவருக்குப் படபடப்பும் நடுக்கமும்கூடத் தெரியாமல் போகலாம்; வியர்வைதான் காட்டிக்கொடுக்கும்.

சிரிஞ்சையும் பாருங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட்.

இதய மருந்தான டிகாக்சினுக்கு முன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது, துடிப்பு ஒழுங்கில்லாதவரிடம் ஏமாற்றிவிடும். பெரியவருக்கு 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். கூடவே சிறுநீரை அதிகம் பிரிக்கும் ஃபுரோசிமைடு போகிறதென்றால் பொட்டாசியம் குறையும், டிகாக்சின் விஷமாக மாறும் வாய்ப்பும் கூடும். பாட்டி சோறு வேண்டாம் என்று தள்ளுவதை, எல்லாம் மஞ்சளாகத் தெரியுது என்று சொல்வதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்; அந்த விஷத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கும் இந்த ஊர்க் குளிர் ஆகாது. தேயிலைத் தோட்டத்திலிருந்து நேராக வருகிற அக்காவின் விரல் ஜில்லென்று இருக்கும், சில சமயம் மருதாணியும் இருக்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலிலும் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம்; சமவெளியைவிட அளவு சற்றுக் குறைவாகக் காட்டுவது உண்டுதான். ஆனால் மூச்சு வாங்குகிறவரிடம் அந்தச் சமாதானம் எடுபடாது.

கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் சோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய்) இருக்கிறது. குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் அவர்களுக்கு வலியைக் கிளப்பிவிடும், ஆகவே வெந்நீரும் கம்பளியும் சிகிச்சையில் சேர்த்திதான். வலிக்கு மார்ஃபின் போட்டிருந்தால், வலி குறைஞ்சுதா என்று கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். எழுப்பினால் எழுகிறாரா பாருங்கள், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி, நேரத்தோடு சார்ட்டில் எழுதுங்கள்.